கையொப்பம் சரி, கோப்பு பிழை: பிடிஎஃப்/ஏ வேலையில் நான் பட்ட பாடு

பழைய ஆவணங்களை ஸ்கேன் செய்து, பிடிஎஃப்/ஏ (நீண்ட காலம் பாதுகாக்கவென்று உள்ள பிடிஎஃப் வகை) ஆக மாற்றி, அதிலே டிஜிட்டல் கையொப்பமும் போட்டுத் தரும் வேலையை யாராவது உங்களிடம் கொண்டுவந்தால், விலை பேசுவதற்கு முதல் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். பிடிஎஃப்/ஏ ஆக மாற்றுவது பெரிய வித்தை இல்லை. கையொப்பம் போடுவதும் அப்படித்தான், டோக்கனை, அதாவது கையொப்பமிடுபவரின் சான்றிதழ் இருக்கும் யூஎஸ்பி குச்சியை, செருகி இரகசிய எண்ணைக் கொடுத்தால் முடிந்தது. இரண்டையும் ஒரே கோப்பில் நிலைக்க வைப்பதுதான் வேலையே. அதை எனக்கு யாரும் சொல்லவில்லை. தேடிப் பார்த்தபோது கிடைத்ததெல்லாம் நிரல் எழுதுபவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ஆங்கிலம்தான். என் பாதிக் கூலி மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்தது. கையிலிருந்து 40,000 ரூபாய்க்கு மேல் போனது. இன்னொருத்தருக்கு அப்படிப் போகக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

மட்டக்களப்பில் கல்லடிப் பக்கம் சின்னதாக ஒரு கணனிக் கடை வைத்திருக்கிறேன். டைப்பிங், ஃபோட்டோக்கொப்பி, ஒன்லைன் விண்ணப்பம், பிள்ளைகளின் பாடசாலை வேலை, இப்படி ஓடிக்கொண்டிருந்தது. கடற்றொழிலாளர் சங்கம் ஒன்று தங்களுடைய பழைய கூட்டறிக்கைப் புத்தகங்களைக் கொண்டுவந்தது. 1978 நவம்பர் 23ஆம் திகதி சூறாவளியில் பாதி போய், 2004 டிசம்பர் 26 சுனாமியில் மிச்சத்தில் பாதி போய், கடைசியில் தப்பியவை. ஓரமெல்லாம் உப்புத் தண்ணீர்க் கறை. சில பக்கங்களில் மை கலைந்து நீலத் தீவு போலக் கிடந்தது. வெளிநாட்டு ஆவணக் காப்பகம் ஒன்று அவற்றின் டிஜிட்டல் பிரதிகளை வைத்துப் பாதுகாக்க ஒப்புக்கொண்டிருந்தது. நிபந்தனை இரண்டு வரிதான்: கோப்புகள் பிடிஎஃப்/ஏ-1பி ஆக இருக்க வேண்டும், ஒவ்வொன்றிலும் ‘மூலப் பிரதிக்கு ஒத்தது’ என்று சங்கச் செயலாளரும் தலைவரும் டிஜிட்டல் கையொப்பம் இட்டிருக்க வேண்டும். 300க்கு மேற்பட்ட கோப்புகள். பாதிப் பணம் முதலில், பாதிப் பணம் காப்பகம் ஏற்றுக்கொண்ட பிறகு. வாசிக்கும்போது ஒன்றும் பயமாக இருக்கவில்லை.

பிடிஎஃப்/ஏ என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஐஎஸ்ஓ 19005 என்ற தரம், முதல் பகுதி 2005இல் வந்தது. ஐம்பது வருடம் கழித்து, இப்போதைய கணனி எதுவுமே இல்லாத காலத்தில் திறந்தாலும் அதே மாதிரித் தெரிய வேண்டும் என்பதுதான் நோக்கம். அதனால் கோப்புக்குத் தேவையான எல்லாம் கோப்புக்குள்ளேயே இருக்க வேண்டும். எழுத்துருவை உள்ளே பதிக்க வேண்டும், நிறம் எப்படிக் காட்டப்பட வேண்டும் என்ற விவரம் உள்ளே இருக்க வேண்டும், கடவுச்சொல் பூட்டு, ஜாவாஸ்கிரிப்ட், ஒலி, ஒளி எதுவும் ஆகாது. 1பி என்பது அந்த முதல் பகுதியின் அடிப்படை நிலை. அதில் ஒளி ஊடுருவும் (பின்னால் இருப்பது தெரியும்) படங்களுக்கும் இடமில்லை. இந்தக் கடைசி வசனத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வரும்.

ஸ்கேன் வேலை நன்றாகவே போனது. மாற்றிய கோப்புகளை வேராபிடிஎஃப் என்ற இலவசக் கருவியில் போட்டுச் சோதித்தேன். ஓப்பன் பிரிசர்வேஷன் ஃபவுண்டேஷனும் பிடிஎஃப் அசோசியேஷனும் முன்னின்று செய்த கருவி அது, ஜாவா இருந்தால் ஓடும். எல்லாம் தேறின. அப்புறம் செயலாளரைக் கூப்பிட்டேன். அவர் ஓய்வுபெற்ற ஆசிரியர், ஊரில் எல்லாருக்கும் மாஸ்டர். டோக்கனை ஒரு பழைய கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துக் கொண்டுவந்தார். கையொப்பம் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். “வெறும் பெயரைப் போட்டா ஆரும் நம்பமாட்டாங்க பிள்ளை, என்ட கையெழுத்து தெரியணும், நீல மையில தெரியணும்” என்றார். வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கி, ஸ்கேன் செய்து, பின்னணியை அழித்து, பிஎன்ஜி படமாக்கி, கீழே பெயரும் பதவியும் திகதியும் வரும்படி வைத்தேன். அடோபி ரீடரில் திறந்தால் கையொப்பம் செல்லும் என்று பச்சைச் சரி அடையாளம். மேலே இது பிடிஎஃப்/ஏ கோப்பு என்று நீலப் பட்டையும் தெரிகிறது. இதற்கு மேல் என்ன வேண்டும்? தலைவர் அப்போது ஊரில் இல்லை. முதல் தொகுதியைச் செயலாளர் கையொப்பத்தோடு மட்டும் அனுப்பிவைத்தோம்.

எல்லாம் திரும்பி வந்தன. ஒரு கோப்பு விடாமல். காரணமும் ஒரே வரி: பிடிஎஃப்/ஏ-1பிக்கு இணங்கவில்லை. எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. சோதித்துத்தானே அனுப்பினேன்? சோதனை அறிக்கைகூடக் கையில் இருக்கிறதே? அன்றைக்கு இரவு கையொப்பம் இட்ட கோப்பை வேராபிடிஎஃபில் போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. கையொப்பம் இடாத அதே கோப்பு தேறுகிறது, இட்ட கோப்பு தேறவில்லை. அறிக்கையில் 6.3.4 என்றும் 6.4 என்றும் இரண்டு பிரிவு இலக்கங்கள் சிவப்பில். முதலாவது, எழுத்துரு உள்ளே இல்லை. இரண்டாவது, ஒளி ஊடுருவும் படம் இருக்கிறது. ஸ்கேன் செய்த பக்கத்தில் எழுத்துருவே கிடையாதே, அது எங்கிருந்து வந்தது என்று கொஞ்ச நேரம் மண்டையைப் பிய்த்துக்கொண்டேன்.

இந்த இடத்தைக் கொஞ்சம் ஆறுதலாகச் சொல்கிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. டிஜிட்டல் கையொப்பம் கோப்புக்கு வெளியே நிற்கும் சமாச்சாரம் இல்லை. கையொப்பம் இடும்போது கருவி கோப்பின் கடைசியில் புதிதாகச் சில பகுதிகளை ஒட்டுகிறது: கையொப்பப் புலம், அது பக்கத்தில் எந்த இடத்தில் தெரிய வேண்டும் என்ற பெட்டி, பெட்டிக்குள் வரையப்படும் எழுத்தும் படமும், கடைசியாகக் கணக்கிட்ட கையொப்பம். பழைய பகுதி அப்படியே இருக்கும். ஆனால் கோப்பு என்று பார்த்தால் இப்போது அது புதுக் கோப்பு, சேர்ந்த பகுதிக்கும் பிடிஎஃப்/ஏ விதி பொருந்தும். நான் பாவித்த கருவி பெயரையும் திகதியையும் ஹெல்வெட்டிகா எழுத்துருவில் எழுதியிருக்கிறது. பிடிஎஃபில் 14 அடிப்படை எழுத்துருக்கள் உண்டு, அவை எல்லா வாசிப்பானிலும் இருக்கும் என்று நம்பி உள்ளே பதிக்காமல் விடுவது வழக்கம். சாதாரணப் பிடிஎஃபுக்கு அது சரி. பிடிஎஃப்/ஏ அந்தச் சலுகையைக் கொடுப்பதில்லை. மாஸ்டரின் பின்னணி அழித்த நீலக் கையெழுத்துத்தான் அந்த ஒளி ஊடுருவும் படம்.

அப்படியென்றால் ரீடரின் நீலப் பட்டை ஏன் வந்தது? அது கோப்புக்குள் இருக்கும் ‘நான் பிடிஎஃப்/ஏ’ என்ற குறிப்பை மட்டும் வாசித்துச் சொல்கிறது, விதி விதியாகச் சோதித்துப் பார்ப்பதில்லை. கையொப்பம் சேர்ந்த பிறகும் அந்தக் குறிப்பு உள்ளேயே இருக்கும். பச்சை அடையாளமோ, கையொப்பத்துக்குப் பிறகு கோப்பு மாறவில்லை, சான்றிதழ் நம்பகமானது என்பதை மட்டும் சொல்கிறது, தரத்தைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. மறுபக்கம் வேராபிடிஎஃப் கையொப்பம் உண்மையா என்று பார்ப்பதில்லை. உடைந்த கையொப்பம் உள்ள கோப்பைக்கூடத் தேறியது என்று சொல்லும். தோணிக்கு எஞ்சின் பார்ப்பவர் வேறு, அடிப்பலகை பார்ப்பவர் வேறு. ஒருவர் சரி சொன்னதை வைத்துக் கடலுக்குப் போக முடியாது. அதனால் இப்போது என் வழக்கம் இதுதான்: மாற்றியவுடன் வேராபிடிஎஃப், கையொப்பம் இட்டவுடன் ரீடரில் கையொப்பப் பலகை, அதே கையோடு மறுபடி வேராபிடிஎஃப். இரண்டாவது ஆள் கையொப்பமிட்டாலும் இதே சுற்று.

அடுத்து என்ன செய்தேன்? எல்லாரும் செய்வதைத்தான். கையொப்பமிட்ட கோப்பையே மாற்றும் கருவியில் போட்டு மறுபடி பிடிஎஃப்/ஏ ஆக்கினேன். கோப்பு தேறியது, கையொப்பம் போய்விட்டது. பெட்டியும் நீலக் கையெழுத்தும் படமாக அப்படியே பக்கத்தில் இருக்கிறது, சொடுக்கினால் ஒன்றும் இல்லை. யோசித்தால் இது நடக்கத்தான் வேண்டும். கையொப்பம் கோப்பின் முழு உள்ளடக்கத்தையும் கணக்கில் எடுக்கிறது, கையொப்பம் உட்காரும் இடைவெளி மட்டும்தான் விலக்கு. பிறகு நல்லதற்காக ஒரு எழுத்தை மாற்றினாலும் அது மாற்றம்தான். ஆக, கையொப்பமிட்ட கோப்பில் தரத்தைத் திருத்தவே முடியாது. கையொப்பமிடாத நல்ல கோப்புக்குத் திரும்பிப் போய், முதலிலிருந்து இட வேண்டும். கையொப்பமிடாத பிடிஎஃப்/ஏ கோப்புகள் முழுவதையும் தனி ஹார்ட் டிஸ்க்கில் வைத்திருந்தேன். அது இல்லாவிட்டால் அந்த நனைந்த புத்தகங்களை மறுபடி ஸ்கேனரில் விரித்திருக்க வேண்டும், நினைக்கவே வயிற்றைக் கலக்குகிறது. கையொப்பமிடாத பிரதிகளுக்குத் தனிக் கோப்புறை, அதைத் தொடக் கூடாது. இந்த ஒரு பழக்கம் போதும், பாதி ஆபத்து போய்விடும்.

கையொப்பப் பெட்டியைச் சரிப்படுத்தப் போனதில் தனிக் கூத்து. வேறொரு கருவி எடுத்தேன், அதில் நாம் கொடுக்கும் எழுத்துருவை உள்ளே பதிக்கலாம். நோட்டோ சான்ஸ் தமிழ் கொடுத்தேன், திறந்த உரிமத்தில் வருவதால் பதிப்பதற்குத் தடை இல்லை. சோதனை தேறியது. பக்கத்தைப் பார்த்தால் ‘செயலாளர்’ என்பதில் கொம்பு சகரத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. எழுத்துருவில் பிழை இல்லை, தமிழ் எழுத்துகளை இடம் மாற்றி அடுக்கும் வேலையை அந்தக் கருவி செய்வதில்லை. மாஸ்டர் தமிழ் படிப்பித்தவர், அதைப் பார்த்தால் என்ன சொல்வார் என்று தெரியும். கடைசியில் எழுத்தே வேண்டாம் என்று விட்டேன். பெயர், பதவி, கையெழுத்து மூன்றையும் லிப்ரேஆஃபிஸில் ஒழுங்காக அடுக்கி, வெள்ளைப் பின்னணியில் ஒரே படமாக்கி, ஜேபெக் ஆகச் சேமித்தேன். ஜேபெக்கில் ஒளி ஊடுருவலே கிடையாது, அதனால் அந்தத் தொல்லை வராது. எழுத்தே இல்லாததால் எழுத்துருத் தொல்லையும் இல்லை. திகதி படத்தில் வராது, ஆனால் அது கையொப்பத்துக்குள்ளேயே பதிவாகியிருக்கும், சொடுக்கினால் தெரியும்.

அதோடு முடிந்தது என்று பார்த்தால், சில கோப்புகள் தேறின, சில தேறவில்லை. ஒரே படம், ஒரே கருவி, ஒரே டோக்கன். இதுதான் எனக்கு அதிக நேரம் எடுத்தது. நிறம்தான் காரணம். ஸ்கேன் செய்யும்போது வெறும் கறுப்பு மையில் எழுதிய புத்தகங்களை சாம்பல் நிறத்தில் எடுத்திருந்தேன், கோப்பு சின்னதாக இருக்கும் என்று. மாற்றும் கருவி அந்தக் கோப்புகளுக்கு சாம்பல் நிற விவரத்தை மட்டும் உள்ளே வைத்திருக்கிறது. அதன் மேல் மாஸ்டரின் நீலக் கையெழுத்தை வைத்ததும், வண்ணப் படத்துக்கு உரிய நிற விவரம் கோப்பில் இல்லாமல் போய்விட்டது. படத்தை சாம்பலாக்கினால் தேறும், ஆனால் நீல மை வேண்டும் என்றவர் விடுவாரா? எல்லாக் கோப்புகளையும் எஸ்ஆர்ஜிபி என்ற வண்ணத்துக்கு உரிய நிற விவரத்தோடு மறுபடி மாற்றினேன். சாம்பல் பக்கத்துக்கும் அது ஒத்துக்கொள்ளும், வண்ணக் கையொப்பத்துக்கும் ஒத்துக்கொள்ளும். நீங்கள் தொடங்கும்போதே அப்படி வைத்துவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாத கையொப்பம் போட உங்கள் ஆள் சம்மதித்தால் இந்தப் பெட்டிப் பிரச்சினைகளில் பெரும்பாலானவை இல்லை. அதையும் சோதித்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும், சில கருவிகள் கண்ணுக்குத் தெரியாத புலத்தையும் 1பிக்கு ஒவ்வாத மாதிரி விட்டுவிடுகின்றன.

இதற்கிடையில் மாஸ்டர் இரகசிய எண்ணைத் திரும்பத் திரும்பப் பிழையாக அழுத்தி டோக்கன் பூட்டிக்கொண்டது. அதைத் திறக்கக் கொழும்புக்குப் போய் வர வேண்டியதாயிற்று, பஸ், தங்கல், சாப்பாடு, கடையை மூடிய நாட்கள் எல்லாம் என் கணக்கில். இனி வயதானவர்கள் என்றால் எண்ணைப் பெரிய எழுத்தில் அவர்களையே எழுதி வைக்கச் சொல்லுங்கள், நீங்கள் கேட்டு வைத்துக்கொள்ளாதீர்கள். டோக்கனும் எண்ணும் உங்கள் கையில் இருந்தால் நாளைக்கு அந்தக் கையொப்பத்துக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டிவரும்.

தலைவர் வந்தார். அவருக்கென்று ஒரு டோக்கன், அவருடைய மகனின் மடிக்கணனி, அதில் வேறொரு கையொப்பக் கருவி. வீட்டிலேயே போட்டுத் தருகிறேன் என்றார், நானும் சரி என்று அனுப்பினேன். திரும்பி வந்த கோப்பில் தலைவரின் கையொப்பம் சரி, மாஸ்டரின் கையொப்பம் செல்லாது என்று காட்டுகிறது. தலைவருக்கு முகம் மாறிவிட்டது. இரண்டு பேருக்கும் இடையில் பழைய கணக்கு ஏதோ இருந்திருக்க வேண்டும், “அவர்ட சரியில்லண்டா நான் என்ன செய்ற?” என்று கேட்டார். மாஸ்டர் என்னைப் பார்த்தார். “திரும்பவும் போடணுமா பிள்ளை?” நடந்தது என்னவென்றால், அந்தக் கருவி பழைய கோப்பின் கடைசியில் ஒட்டாமல் முழுக் கோப்பையும் புதிதாக எழுதிவிட்டது. முதல் கையொப்பம் கணக்கிட்ட உள்ளடக்கம் இடம் மாறிவிட்டது, அவ்வளவுதான். இரண்டு பேர் கையொப்பமிட வேண்டுமென்றால் கருவியில் ‘ஏற்கனவே உள்ள கையொப்பத்தோடு சேர்’ என்ற பொருளில் ஒரு தெரிவு இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் அந்தக் கருவி வேண்டாம். இன்னொன்றும் உண்டு. முதல் ஆள் கையொப்பமிடும்போது ‘இதன் பிறகு எந்த மாற்றமும் அனுமதியில்லை’ என்று சான்றளித்துப் பூட்டும் வகையைத் தெரிவு செய்தால், இரண்டாவது ஆள் கையொப்பமிடவே முடியாது, இட்டாலும் முதலாவது உடையும். சாதாரண ஒப்புதல் கையொப்பம் போதும். சரியாக இட்டிருந்தால் ரீடரின் கையொப்பப் பலகையில் முதல் கையொப்பத்தைத் தெரிவு செய்து, அது இட்ட நேரத்தில் கோப்பு எப்படி இருந்தது என்று திறந்து பார்க்கலாம். அந்தப் பழைய வடிவம் கோப்புக்குள்ளேயே இருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. பிறகு இரண்டு பேரையும் என் கடைக்கே கூப்பிட்டு, ஒரே கணனியில், ஒரே கருவியில், ஒருவர் பின் ஒருவராக இட வைத்தேன். தேநீர் செலவு தனி.

கருவியின் மூடிக் கிடக்கும் அமைப்புகளையும் திறந்து பாருங்கள். நான் பாவித்ததில், கோப்பின் உள்ளடக்கத்தை ஒரு சுருக்க மதிப்பாகக் கணக்கிடும் முறை எஸ்எச்ஏ-1 என்று இருந்தது. 2017இல் கூகுளும் நெதர்லாந்தின் சிடபிள்யூஐ ஆய்வு நிலையமும் சேர்ந்து, ஒரே எஸ்எச்ஏ-1 மதிப்பு கொண்ட இரண்டு வேறு பிடிஎஃப் கோப்புகளைச் செய்து காட்டியதோடு அதன் கதை முடிந்துவிட்டது. எஸ்எச்ஏ-256 வையுங்கள். நேர முத்திரையும் கட்டாயம். கோப்பு ஐம்பது வருடம் இருக்க வேண்டும், டோக்கனில் உள்ள சான்றிதழோ சில வருடங்களில் காலாவதியாகும். வெளியில் உள்ள நேர முத்திரைச் சேவை ஒன்று ‘இந்தக் கையொப்பம் இந்த நேரத்தில் இருந்தது’ என்று சேர்த்துச் சான்று தந்தால்தான், சான்றிதழ் செல்லுபடியாக இருந்த காலத்தில் இட்டது என்று பிறகு காட்ட முடியும். சான்றிதழ் அந்த நேரத்தில் இரத்து செய்யப்பட்டிருக்கவில்லை என்ற தகவலையும் கோப்புக்குள் சேர்க்கும் வசதி இருந்தால் சேருங்கள். இதற்கெல்லாம் இணைய இணைப்பு வேண்டும். மழைக்காலத்தில் எங்கள் பக்கம் லைன் விட்டுவிட்டு வரும். லைன் இல்லாத நேரத்தில் என் கருவி ஒரு முறைப்பாடும் இல்லாமல் கணனியின் கடிகார நேரத்தை வைத்துக் கையொப்பத்தை இட்டுவிட்டுப் போனது. அந்தக் கோப்புகளைத் தேடிப் பிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

எல்லாம் சரியான பிறகு அனுப்பும் இடத்திலும் கவனம். சங்கத்தில் கணனி தெரிந்த தம்பி ஒருவர், மின்னஞ்சலில் போகவில்லை என்று, கோப்பைச் சின்னதாக்கும் இணையத்தளம் ஒன்றில் ஏற்றி இறக்கியிருந்தார். கையொப்பமும் போச்சு, தரமும் போச்சு. திறந்து ‘பிடிஎஃப் ஆக அச்சிடு’ கொடுத்தாலும் இதே கதிதான். ரீடரில் திருத்தத்தை இயக்கு என்று வரும் பொத்தானையும் யாரும் தொட வேண்டாம். நான் இப்போது கையொப்பம் முடிந்தவுடன் விண்டோஸில் உள்ள செர்ட்யூட்டில் கட்டளையால் ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்எச்ஏ-256 மதிப்பை எடுத்து ஒரு பட்டியலாக வைத்து, கோப்புகளை ஸிப் செய்து அதோடு அனுப்புகிறேன். அங்கே போய்ச் சேர்ந்த கோப்பின் மதிப்பு வேறாக இருந்தால், நடுவில் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று நேரே சொல்லலாம்.

ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கும் பாமினி என்ற பழைய எழுத்துருவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ‘மூலப் பிரதிக்கு ஒத்தது’ என்ற சான்றுப் பக்கம் சங்கத்தின் பழைய வேர்ட் கோப்பில் பாமினியில் இருந்தது, நம்முடைய அலுவலகங்களில் பாதிக் கடிதம் இன்னும் அதில்தானே. அதை எழுத்துரு பதித்து பிடிஎஃப்/ஏ ஆக்கினால் சோதனை தேறும், பார்க்கவும் தமிழாகத்தான் தெரியும். அதிலிருந்து ஒரு வரியைப் பிரதி எடுத்து ஒட்டிப் பாருங்கள், ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்தான் வரும். தேடினால் ‘மட்டக்களப்பு’ கிடைக்காது, ஏனென்றால் கோப்புக்குள் அப்படி ஒரு சொல்லே இல்லை. எழுத்துகளுக்கு யூனிகோட் தொடர்பு கேட்கும் பிடிஎஃப்/ஏ-2யூ நிலைகூட இதைப் பிடிக்காது, அந்த ஆங்கில எழுத்துகளுக்கும் யூனிகோட் உண்டுதானே. எந்தச் சோதனையிலும் மாட்டாத பிழை என்பதால்தான் எனக்கு இது மற்றதைவிட மோசமாகப் படுகிறது. சான்றுப் பக்கங்கள் முழுவதையும் யூனிகோடில் மறுபடி தட்டச்சு செய்தேன். காப்பகம் கேட்கவில்லை, அதற்குக் கூலியும் இல்லை. இப்படிப் புதிதாகத் தட்டச்சு செய்யும் ஆவணம் என்றால் லிப்ரேஆஃபிஸின் பிடிஎஃப் ஏற்றுமதிப் பெட்டியில் ஆவணக் காப்பு வடிவமும் டிஜிட்டல் கையொப்பமும் ஒரே இடத்தில் இருக்கின்றன, ஒரு கையொப்பம் போதுமென்றால் அதுவே சுகம்.

இந்த வேலை முடிந்த கதை பரவி, காணி உறுதிக்கும் இப்படிப் போட்டுத் தர முடியுமா என்று இரண்டு மூன்று பேர் கேட்டு வந்தார்கள். முடியாது. நம் நாட்டில் 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் இலத்திரனியல் ஆவணத்துக்கும் கையொப்பத்துக்கும் இடம் தருகிறது, 2017இல் திருத்தமும் வந்தது. ஆனால் மரண சாசனம், அற்றோணித் தத்துவம், காணி விற்பனை போன்றவை அதன் வரம்புக்கு வெளியே. அதற்கு நொத்தாரிசிடம்தான் போக வேண்டும். கடைக்காரர் போட்டுத் தந்தார் என்று சொல்லிக்கொண்டு யாரும் நீதிமன்றத்துக்குப் போய்விடாதீர்கள்.

இப்போது இந்த வகை வேலை வந்தால் முதலில் கேட்பது எந்தப் பகுதி, எந்த நிலை என்று. 1பிதான் வேண்டுமா, 2பி ஏற்பீர்களா? 2011இல் வந்த இரண்டாம் பகுதி ஒளி ஊடுருவலை ஏற்கிறது, கையொப்பத்தைப் பற்றியும் அதில் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. பல இடங்களில் யாரோ பழைய படிவத்திலிருந்து 1பி என்று எடுத்துப் போட்டிருப்பார்கள், கேட்டால் மாற்றித் தருவார்கள். அடுத்து, எல்லாக் கையொப்பமும் இட்ட ஒரே ஒரு மாதிரிக் கோப்பை அனுப்பி, ஏற்றுக்கொண்டோம் என்று எழுத்தில் வாங்காமல் மற்றதைத் தொடுவதில்லை. எந்தக் கருவி என்று பலர் கேட்கிறார்கள். பெயர் சொல்லிப் பயனில்லை, பதிப்புக்குப் பதிப்பு மாறுகிறது, அந்த மாதிரிக் கோப்புதான் சொல்லும். மறு கையொப்பம் வேண்டிவந்தால் அதற்குத் தனிக் கூலி என்றும் ஒப்பந்தத்தில் ஒரு வரி. மாஸ்டர் மாதிரிப் பொறுமையான ஆள் எல்லா இடத்திலும் கிடைக்கமாட்டார்.

சங்கத்தின் கோப்புகள் கடைசியில் ஏற்கப்பட்டன. தாமதத்துக்கென்று கொஞ்சம் கழித்துக்கொண்டு மிச்சப் பணமும் வந்தது. கடைசித் தொகுதியில் மட்டும் ஒரு சிக்கல்: நாங்கள் அதை முடிப்பதற்குள் சங்கத்தின் வருடாந்தப் பொதுக்கூட்டம் வந்து தலைவர் மாறிவிட்டார். பழையவர் இனி அந்தப் பதவியில் கையொப்பமிட முடியாது, புதியவரிடம் டோக்கன் இல்லை. நிர்வாகக் குழுவில் ஒரு தீர்மானம் போட்டு, அந்தத் தொகுதிக்குச் செயலாளர் கையொப்பம் மட்டும் போதும் என்று காப்பகத்துக்கு எழுதினோம். அவர்கள் ஒப்புக்கொண்டார்கள், தீர்மானத்தின் பிரதி ஒன்றை அனுப்பும்படி கேட்டிருந்தார்கள். பிடிஎஃப்/ஏ-1பியில், கையொப்பத்தோடு.